நிரையில் நிற்காத மரங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். "அண்ணே, இத்தன வருசம் காட்டுல அளந்திருக்கீங்க, எங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்கலா" என்று கேட்டீர்கள். நானும் புலித் தடம் பார்த்த கதை, அட்டை கடித்த கதை எல்லாம் சொல்லி, தே தாரிக் டீ குடிக்கவைத்து அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் வேறு பக்கம் போய்விடுவேன். "உப்பு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, புந்தோங் முழுக்க நலம் விசாரிச்சிட்டு வெறுங்கையோட வாற ஆளு" என்பாள் என் மனைவி. அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே ஒரு வேலையைப் பற்றி, அதில் நான் செய்த தப்பைப் பற்றி.

கருவிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் பாராங் கத்தியோடு நாலு நாள் ஏறிய மலையை இன்று நீங்கள் டிரோன் விட்டு ஒரு மணி நேரத்தில் படம் பிடித்துவிடுகிறீர்கள். ஆனால் அந்தப் படத்தில் தெரியும் பச்சைக்கு ஒரு பெயர் எழுத வேண்டிய இடம் வரும் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

கோப்பெங் தாண்டி மலைப்பக்கம் ஒரு செமாய் கிராமம். செமாய் என்றால் நம் பேராக் மலைகளில் நாம் யாரும் வருவதற்கு முன்பிருந்தே வாழும் பூர்வகுடிகள். அந்தக் கிராமத்துக்கு மேலே உள்ள சரிவை ஒரு கம்பெனி கேட்டிருந்தது. மரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மலையைப் படிப்படியாக வெட்டி, ஒட்டு டுரியான் பழமரம் போடுவது திட்டம். எங்கள் அலுவலகத்துக்கு அளவை வேலை வந்தது. நானும் சேகரும் போனோம். சேகர் பத்து காஜா என்ற ஊர்க்காரன். ஜீப் ஓட்டுவான், அளவுக்கோட்டுக்கு வழி வெட்டுவான், வாய் மட்டும் ஓயாது.

ஃபீல்டு புக்கில் ஒரு கட்டம் இருக்கும்: நிலத்தின் மேல் என்ன நிற்கிறது? பழமரம் என்று எழுதினால் யார் நட்டது என்ற கேள்வி வரும். புதர்க்காடு என்று எழுதினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாலு நாளும் பக்கத்துக்குப் பக்கம் நான் எழுதியது ஒன்றுதான்: 'புதர்க்காடு. பயிர் இல்லை.'

நான் பொய் எழுதவில்லை, தம்பிகளா. அதுதான் பயமாக இருக்கிறது. யாரும் எனக்குக் கைமடக்குக் கொடுக்கவில்லை, யாரும் இப்படி எழுது என்று சொல்லவும் இல்லை. என் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரிந்தது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என் அம்மா பால் வெட்டினார். தோட்டத்தில் மரங்கள் நிற்கும் வரிசையை நிரை என்போம். மனிதன் நட்டது நிரையில் நிற்கும், தானாக முளைத்தது கண்டபடி நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்கப் பழகும்போதே கண்ணும் இதைப் பழகிக்கொண்டது. அந்தச் சரிவில் டுரியான் இருந்தது, பெத்தாய்க் காய்மரம் இருந்தது, ரம்புத்தான் இருந்தது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நடுவில் மூங்கில். அணில் தின்று போட்ட கொட்டை என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் எங்கள் கோட்டின் குறுக்கே ஒரு மரக்கன்று நின்றது. என் தோள் உயரம். அதைச் சுற்றி மூங்கில் சிம்புகள் குத்தியிருந்தன. தண்டில் பிரம்பை வளையமாகக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, இதுல என்னமோ கட்டி வச்சிருக்காங்க."

"பொறி வச்சிருப்பாங்கலா. தள்ளிக்க."

ஒரே வெட்டு. பிரம்பு வளையத்தைக் கத்தி நுனியால் எடுத்து ஓரமாக வீசினேன். புக்கில் எதுவும் எழுதவில்லை. புதரை வெட்டினால் யார் எழுதுவார்கள்?

ஐந்தாம் நாள் காலையில் ஜீப் பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கிடந்தது. மூங்கிலுக்குப் பின்னால் ஏழு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பிள்ளை, கையில் வெற்றிலை, பக்கத்தில் பிரம்புக் கூடை. கோபமான முகம் ஒன்றுகூட இல்லை.

"என்னண்ணே இது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்காந்திருக்காங்க?" என்றான் சேகர்.

நடுவில் இருந்தவர் எழுந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நான் அவரைக் 'காக்' என்றுதான் கூப்பிட்டேன், மலாயில் அக்கா. அவர் என்னை 'அண்ணே' என்றார். இந்த நாட்டில் தமிழ் ஆம்பளை என்றால் எல்லாருக்கும் அண்ணன்தானே. பேசியது மலாயில், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அண்ணே, நாலு நாளா அந்தப் புக்குல எழுதுறீங்களே. என்ன எழுதினீங்க? படிங்க, கேக்கலாம்."

ஃபீல்டு புக்கை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது அலுவலகத்தில் முதல் நாளே சொல்லும் விதி. நான் சுற்றிவளைத்தேன். "ஊர்த் தலைவர் இல்லையா காக்? ஆம்பளைங்க யாராச்சும்...?"

"ஆம்பளைங்க வேலைக்குப் போயிட்டாங்க. அளக்கிறவங்க, ஆபீஸர் எல்லாம் பகல்லதான் வாறீங்க. பகல்ல இங்க இருக்கிறது நாங்கதான். அதனால நாங்கதான் தலைவர்."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சேகரும் சிரித்துவிட்டான். நான் முறைத்தேன்.

அவர் கை நீட்டவில்லை, புக்கைப் பிடுங்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நின்றார், அவ்வளவுதான். வேறு ஒருவராயிருந்தால் கத்தியிருப்பார், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஜீப்பைத் திருப்பியிருப்பேன். கத்தாதவர் முன்னால் என்ன செய்வது? விதியை மீறினேன். படித்தேன். "புதர்க்காடு. பயிர் இல்லை. புதர்க்காடு. பயிர் இல்லை."

ஒரு கிழவி என்ன என்று கேட்டார். காக் அவர்கள் பாஷையில் சொன்னார். ஏழு பேரும் சிரித்தார்கள். அப்படியொரு சிரிப்பு. கிழவிக்கு வெற்றிலை புரையேறி ஒருத்தி முதுகில் தட்டினாள். திட்டியிருந்தால்கூட அந்த அளவுக்குக் குறுகியிருக்க மாட்டேன்.

காக் மட்டும் சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, நீங்க எந்த ஊரு?"

"எஸ்டேட்டு காக். ரப்பர்."

"உங்க அம்மா எத்தன மரம் பாத்தாங்க?"

"நூத்துக்கணக்கா."

"ஒவ்வொன்னுக்கும் என்ன பேரு?"

"மரத்துக்கு ஏது பேரு? நிரை நம்பர்தான்."

"யாரோட மரம்?"

"கம்பெனியோடது."

அவர் தலையை ஆட்டினார். "அதான்" என்றார், ரொம்ப மெதுவாக. நோயாளிக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்த டாக்டர் சொல்வது போல. "அதான் அண்ணே உங்களுக்கு இது காடாத் தெரியுது. வாங்க, நடக்கலாம்."

நடந்தோம். மூங்கிலை அவர்களே எடுத்து ஓரத்தில் வைத்தார்கள்.

முதல் டுரியான் மரத்தின் அடியில் நின்று அவர் அடிமரத்தைத் தொட்டார். "இது பேரு 'வெள்ளத்தன்னிக்குப் பொறந்தது'. எங்க அம்மாவோட பெரியம்மா நட்டது. இப்ப என் தங்கச்சியோடது." அடுத்ததன் பெயர் 'கரடி ஏறியது'. அடுத்து 'ரெண்டு சகோதரிகள்'. வேரில் ஒட்டிய ரெட்டை மரம். இன்னொன்றின் பெயர் 'மாமியார் கோபம்'. கோபத்தில் ஒரு மாமியார் விட்டெறிந்த பழத்தில் முளைத்ததாம்.

"எங்க வூட்டு மாமியார் கையிலயும் பழத்தக் குடுக்கணும்ணே" என்றான் சேகர். "ஒரு வருசத்துல தோப்பே வந்துரும்."

நான் கண்டபடி நிற்கிறது என்று நினைத்தேனே, அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. எங்கெல்லாம் அவர்கள் முன்னோர் வீடு இருந்ததோ அங்கெல்லாம் பழம் தின்ற இடம் இருந்தது, தின்ற இடத்தில் கொட்டையை ஊன்றினார்கள். வீடு மக்கிப் போனது. மரம் நிற்கிறது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு நடக்கிறோம். அந்தப் பெண்மணி ஆறு தலைமுறையை என் கண் முன்னால் ஏறிப் போனார், மூச்சு வாங்காமல். நான் அங்கங்கே நின்று மூச்சு வாங்கினேன், ஏற்றத்தால் மட்டும் அல்ல.

உச்சிக்குப் பக்கத்தில் அடுத்த மலை தெரிந்தது. முன்பே வெட்டி, படி போட்டு, நேர் நேராகக் கன்று வைத்த மலை. சொன்னால் சிரிப்பீர்கள், முதலில் என் மனதில் வந்தது, 'என்ன அழகான நிரை' என்பதுதான்.

"அங்க ஒரே மழையில சேறு எறங்கி ஆறு செவப்பாப் போச்சு" என்றார் காக். "மீன் செத்துச்சு. கீழ இருக்கிற ஊருல மூனு வீட்டுக்குள்ள மண்ணு. நாங்க தண்ணி குடிக்கிற ஓடை இந்த மலையிலேருந்து வருது. இந்த வேருங்க புடிச்சிருக்கிறதால வருது. வெயிலு கூடிப்போயி மரத்துக்கு மாசமே மறந்துபோச்சு அண்ணே, எப்பப் பூக்குறதுன்னு தெரியாமத் தடுமாறுது. ஏற்கெனவே தடுமாறுற ஆளையா புடிச்சுத் தள்ளுவீங்க?"

இந்த மாதிரிப் பேச்சுகளை நான் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைப்பவன். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மலை உச்சியில் நிற்கிறேன்.

நம் தொழிலில் ஃபீல்டு புக்கில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பானால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பழையது படிக்கும்படி, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து. நாலு நாள் எழுதியதன் மேல் கோடு போட்டேன். மூன்று நாள் திரும்ப நடந்தேன். ஒவ்வொரு மரமும், அதன் இடமும், பெயரும், யாருடையது என்பதும். காக் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அண்ணே, கம்பெனி கத்தும். தவுக்கே நம்ம ரெண்டு பேரையும் தூக்கி வெளிய போடுவாரு" என்றான் சேகர், எங்கள் முதலாளியை நினைத்து. ஆனால் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னான்.

இரண்டாம் நாள் நடையில் அந்த இடம் வந்தது. நான் வெட்டிய கன்றின் கட்டை. மூங்கில் சிம்புகள் சாய்ந்து கிடந்தன. காக் அங்கே நின்றார். குனிந்து, ஓரத்தில் புல்லுக்குள் கிடந்த பிரம்பு வளையத்தை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மரத்துக்கு நடந்தார்.

நான் வெட்டியது அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, நினைக்க ஆசைப்பட்டேன். பக்கம் பக்கமாகத் தப்பை ஒத்துக்கொண்டு கோடு போட்ட எனக்கு அந்த ஒரு வெட்டை எழுதக் கை வரவில்லை. தெரியாமல் எழுதியது வேறு. கையால் வெட்டியது வேறு.

தவுக்கே அதிகம் பேசாத சீனர். கோடு போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"நீ பாக்காதத பாத்தேன்னு எழுதியிருக்கியா?"

"இல்ல தவுக்கே. பாத்தத பாக்கலன்னு எழுதியிருந்தேன். அதத்தான் மாத்தினேன்."

பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கம்பெனி கத்தியது. அடுத்த வேலையை வேறு அலுவலகத்துக்குக் கொடுத்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சில மாதம் கழித்து நில அலுவலகத்தில் விசாரணை. கிராமத்துப் பெண்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்று நல்ல மழை. அவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பி, நனைந்து வந்து, கடைசி வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஃபீல்டு புக்கோடு என்னையும் சேகரையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி ஆள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பெயர்கள் எல்லாம் அளவைக்காரர் கூடவே நடந்து, அப்போதே இட்டுக்கட்டிச் சொன்னவை. ஆதாரம் ஒன்றும் இல்லை."

விசாரணை அதிகாரி காக் பக்கம் திரும்பினார். "உங்களிடம் ஏதாவது கடிதம், வரைபடம் இருக்கிறதா?"

"இல்ல ஐயா. அந்தப் புக்க நீங்க தொறந்து வச்சுக்குங்க. நான் நடக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் நின்றபடியே மலையேற ஆரம்பித்தார். வெள்ளத்தன்று பிறந்தது. அங்கிருந்து ஓடையைத் தாண்டி இடது பக்கம், கரடி ஏறியது. மேலே, ரெண்டு சகோதரிகள். கால் லேசாக எழுந்து எழுந்து அமர்ந்தது. ஏற்றம் வரும் இடத்தில் உடம்பு முன்னால் சாய்ந்தது. அதிகாரி விரலைப் பக்கத்தில் வைத்துத் தொடர்ந்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். விரல் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். கூரைமேல் மழை, கீழே மரங்களின் பெயர்கள். நான் கோயிலில் நின்றிருக்கிறேன், தீ மிதித்தவர்களைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த சிலிர்ப்பு அங்கெல்லாம் வந்ததில்லை.

அப்புறம் அதிகாரியின் விரல் நின்றது.

"இது இல்லையே. நீங்கள் இப்போது சொன்ன மரம் புக்கில் இல்லை."

"இருந்துச்சு ஐயா. கன்னு. என் மக பொறந்தப்ப நட்டது."

கம்பெனி ஆள் நாற்காலியில் நிமிர்ந்தார். "பார்த்தீர்களா? இல்லாத மரத்தையும் சொல்கிறார்கள். ஒன்று கட்டிச் சொன்னால் மற்றதும் அப்படித்தானே?"

காக் கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. அன்று பாதையில் மூங்கிலுக்கு முன்னால் நின்றார் பாருங்கள், அதே நிற்றல். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவருக்கு எல்லாம் தெரியும். மூங்கில் போட்டு மறித்த நாளிலிருந்தே தெரியும். அந்தக் கன்றைச் சொல்லாமல் தாண்டிப் போயிருந்தால் அவர் பட்டியலும் என் புக்கும் அச்சடித்த மாதிரி ஒத்துப்போயிருக்கும், அவர்கள் பக்கம் பலமாக இருந்திருக்கும். ஆனால் நின்ற மரத்தை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆறு தலைமுறை மரங்களையும், ஊர் குடிக்கும் ஓடையையும் என் வாயை நம்பி நடுச்சபையில் வைத்துவிட்டார்.

யோசிக்க நேரம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சேகர் என் முழங்கையை ஒருமுறை இடித்தான். எழுந்தேன்.

"ஐயா, அந்தக் கன்னு இருந்துச்சு. ரெண்டாவது நாள் நான்தான் வெட்டினேன். சுத்தி மூங்கில் குத்தி, தண்டுல பிரம்பு கட்டியிருந்துச்சு. பாத்தும் வெட்டினேன். புக்குல எழுதல."

"ஏன் எழுதவில்லை?"

"முதல்ல, புதருன்னு நெனச்சேன். அப்புறம், வெக்கம்."

அதிகாரி புக்கை என் பக்கம் தள்ளினார். "இப்போது எழுதுங்கள்." எழுதினேன். காக் எழுந்து வந்து, கூடையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தப் பிரம்பு வளையம். பிறகு மறுபடியும் கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து உச்சி வரைக்கும் நடந்து முடித்தார். விரல் கூடவே போனது.

அந்தச் சரிவு கம்பெனியின் விண்ணப்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. எப்போதைக்கும் தப்பித்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை, வேறு கம்பெனி, வேறு பெயரில், திரும்ப வரலாம் என்று அந்தப் பெண்கள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காக் இப்போது மற்ற கிராமங்களுக்கும் போகிறார். அங்கே உள்ள பெண்களோடு மலையேறி, அவரவர் மரங்களை வரிசையாகச் சொல்லிப் பழகவைக்கிறார். நீங்கள் நாளைக்கு எந்த மலைக்குப் போனாலும் பாதையில் ஒருத்தி கூடையோடு நின்று "என்ன எழுதினீங்க?" என்று கேட்கக் கூடும். விதியைப் பற்றி யோசிக்காதீர்கள். படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால், பேனாவை எடுத்துக்கொண்டு பின்னால் நடங்கள்.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருக்கவில்லை. பக்கத்துக் கடைகளின் ஐந்தடி நடைபாதைக் கூரைக்குக் கீழே எல்லாரும் ஒதுங்கி நின்றோம். நான் காக்கிடம் போய், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணே, கட்டையிலேருந்து துளிர் விட்டிருக்கு. போன வாரம் பாத்தேன்."

"பொழச்சுருமா காக்?"

"பொழைக்கும். பேரு மட்டும் மாத்திட்டோம். முன்ன என் மக பேரு. ஒரு மரத்துக்கு என்ன நடந்துச்சோ அதுதான எங்க வழக்கத்துல பேரு."

"இப்ப என்ன பேரு?"

அவர்கள் பாஷையில் சொன்னார். பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. மலாயில் திருப்பிச் சொன்னார்: 'அளக்க வந்தவன் வெட்டி, எழுந்து நின்று சொன்னது'.

"இவ்வளவு நீளமா?" என்றான் சேகர்.

"வெட்டினதோட நிறுத்தியிருந்தா சின்னப் பேருதான்" என்றார் காக்.

வேலை செய்த இத்தனை வருஷத்தில் நான் நட்ட எல்லைக் கற்கள் பேராக் முழுக்க இருக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அந்தச் சரிவில், எந்த நிரையிலும் சேராமல், ஒரு டுரியான் வளர்கிறது. போன வருஷம் போய்ப் பார்த்தேன், என்னைவிட உயரம். தண்டில் புதிய பிரம்பு வளையம். காக்கின் மகளுக்கு அதற்குள் பள்ளிக்கூட வயது. அம்மாவுக்கு முன்னால் ஓடி ஓடி மரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தக் கன்றுக்கு வந்ததும் நின்று, தண்டைத் தொட்டு, முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு ஓடிவிட்டாள். அந்தப் பெயரில் இருப்பவன் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் என்று அவளுக்குத் தெரியாது.